மகளோடு முதன்முறை இளையோர் நூல் மாநாட்டுக்கு

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். என் மகளுக்கு 14 வயது. விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு வாசிக்கிற பிள்ளை. பாடசாலையில் தன்னோடு புத்தகங்களைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இல்லை என்று அடிக்கடி சொல்வாள். ஒலிம்பியா மண்டபத்தில் நடக்கும் ‘யால்க்’ என்ற இளையோர் நூல் மாநாட்டுக்குக் கூட்டிச் செல்லும்படி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே என்ன நடக்கும், எவ்வளவு செலவாகும், அந்தப் புத்தகங்கள் அவள் வயதுக்கு ஏற்றவையா என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையை வேறு விட வேண்டி வருமோ என்று யோசிக்கிறேன். தான் எழுதிய கதை ஒன்றை அச்செடுத்து, தனக்குப் பிடித்த எழுத்தாளரிடம் கொடுக்கப்போவதாகவும் சொல்கிறாள். நான் அவளோடு உள்ளே போவதா, வெளியே காத்திருப்பதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

லண்டனில் ஓர் இடைநிலைப் பாடசாலையில் நூலகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நீங்கள் குறிப்பிடும் மாநாட்டுக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற அனுபவமும் உண்டு. உங்கள் கடிதத்தில் என் மனதைத் தொட்ட வரி, புத்தகங்களைப் பற்றிக் கதைக்க அவளுக்கு ஒருவரும் இல்லை என்பதுதான். அவளை அழைத்துச் செல்லுங்கள் என்றே சொல்வேன். எப்படிச் சென்றால் அந்த நாள் அவளுக்குப் பயன்படும் என்பதைத்தான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் அது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். 2013 முதல் 2015 வரை பிரித்தானியாவின் சிறுவர் இலக்கியத் தூதுவர் என்ற மதிப்புக்குரிய பொறுப்பை வகித்த எழுத்தாளர் மலோரி பிளாக்மன், அந்தப் பொறுப்பில் இருந்தபோது தொடங்கிவைத்த மாநாடு இது. 2014 கோடையில், ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில், திரைப்படங்களுக்கும் சித்திரக்கதைகளுக்குமான பெரிய மாநாடு ஒன்றின் பகுதியாக முதன்முறை நடந்தது. மறுவருடமே ஒலிம்பியாவுக்கு இடம்மாறியது. இடையில் மாதங்கள் மாறியிருக்கின்றன. ஆகவே நுழைவுச்சீட்டு வாங்குமுன் அந்த ஆண்டுக்குரிய திகதியையும் இடத்தையும் அமைப்பாளர்களின் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதே ஒலிம்பியாவில் பல ஆண்டுகளாக வசந்தகாலத்தில் நடந்துவந்த லண்டன் புத்தகச் சந்தையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் சந்தை, பதிப்பாளர்களும், எழுத்தாளர்கள் சார்பில் நூல்களை விற்றுக்கொடுக்கும் இலக்கிய முகவர்களும் நூல்களின் உரிமைகளை வாங்கி விற்கும் வியாபாரக் களம். அங்கே ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வேலையில்லை. யால்க் வாசகர்களுக்கென்றே நடப்பது. பதிப்பகங்கள் கடைகள் போட்டிருக்கும். மேடையில் எழுத்தாளர்கள் பேசுவார்கள். இன்னொரு பக்கத்தில் கையெழுத்திடுவார்கள். தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களின் வேடத்தில் வந்த பிள்ளைகள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பார்கள்.

‘யங் அடல்ட்’ என்று இங்கே சொல்லப்படும் இளையோர் நாவல் என்ற வகை நம் தலைமுறைக்குப் பழக்கமில்லாதது என்பதால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நாம் அம்புலிமாமாவை மூடிவைத்த கையோடு வார இதழ்களின் தொடர்கதைகளுக்குத் தாவினோம். நடுவில் நமக்கென்று எவரும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரையான அந்த நடுவில்தான் இந்த நாவல்கள் நிற்கின்றன. முதல் நட்பு முறிவு, வீட்டோடு வரும் பிணக்கு, தோற்றத்தைப் பற்றிய கவலை, இறப்பு, நிறவெறி, காதல் என்று அந்த வயது முதன்முறை எதிர்கொள்ளும் விடயங்களை அந்த வயதின் கண்ணாலேயே பார்த்து எழுதப்படுபவை. (தமிழில் இப்படியொரு வகை இன்னும் வேரூன்றவில்லையே என்ற ஏக்கம் ஒவ்வொரு முறையும் அந்த மண்டபத்தில் நிற்கும்போது எனக்கு வரும்.)

இனி முக்கியமான விடயம். முதன்முறை போகிறவர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிட நினைப்பார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். நான் மாணவர்களை அழைத்துச் சென்ற முதல் ஆண்டில் இந்தத் தவறுக்கு நானே துணைபோனேன். மாநாட்டில் ‘புரூஃப்’ எனப்படும் முன்பிரதிகளைப் பதிப்பகங்கள் இலவசமாகக் கொடுப்பதுண்டு. ஒரு நூல் கடைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், விமர்சகர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நூலகர்களுக்கும் என்று திருத்தங்கள் முடிவதற்கு முன்பே அச்சிடப்படும் பிரதிகள் அவை. அட்டையில் ‘விற்பனைக்கல்ல’ என்று இருக்கும். இன்ன நேரத்தில் இன்ன கடையில் கொடுப்போம் என்று அறிவித்ததும் ஒரு கூட்டம் அங்கே ஓடும். என்னோடு வந்த ஒரு மாணவி அன்று ஒவ்வொரு கடையாக ஓடி ஒன்பது முன்பிரதிகள் சேர்த்தாள். மாலை நாலரை மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அவள் யாருக்காக வந்தாளோ அந்த எழுத்தாளர் பேசியதும் கையெழுத்திட்டதும் முடிந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. அந்த ஒன்பதில் அவள் வாசித்து முடித்தவை இரண்டு. அதற்குப் பிறகு நான் அழைத்துச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையிடமும், புறப்படும் முன் ஒரு துண்டுத் தாளில் ஓர் எழுத்தாளரின் பெயரையும் ஒரு பேச்சரங்கின் நேரத்தையும் மட்டும் எழுதச் சொல்கிறேன். அந்த இரண்டும் நடந்தால் போதும். மற்றவை கிடைத்தால் கிடைக்கட்டும்.

நிகழ்ச்சி நிரல் சில நாட்களுக்கு முன்பே வெளியாகிவிடும். அதை வீட்டில் மேசையில் விரித்துவைத்து, உங்கள் மகளையே பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக ஓர் எழுத்தாளர் மேடையில் பேசி முடித்ததும் நேரே கையெழுத்து மேசைக்குப் போவார். பேச்சைக் கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் வரிசையின் வாலில்தான் நிற்பார். வரிசையில் முதலில் நிற்க நினைப்பவர் பேச்சை இழப்பார். இதைத் தவிர்க்கத்தான் புகழ்பெற்ற எழுத்தாளர்களுக்கு எண்ணிட்ட வரிசைச்சீட்டுக் கொடுக்கும் முறை இருக்கிறது. சீட்டை வாங்கிக்கொண்டால் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. இன்ன எண் முதல் இன்ன எண் வரை வரலாம் என்று அழைக்கும்போது போனால் போதும். ஆகவே உள்ளே நுழைந்ததும் கடைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றைக் கடந்து, நேரே கையெழுத்துப் பகுதிக்குப் போய், அன்றைக்குச் சீட்டு எங்கே, எப்போது கொடுப்பார்கள் என்று கேளுங்கள். சீட்டைக் கையில் எடுத்தபின் பேச்சரங்கில் நிம்மதியாக உட்காரலாம்.

பேச்சரங்கை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கையெழுத்து மேசையில் ஒரு வாசகருக்குக் கிடைப்பது அதிகம் போனால் ஒரு நிமிடம். பேச்சரங்கில் மூன்று நான்கு எழுத்தாளர்கள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், ஒரு கதையை எங்கே கைவிட்டோம், எதை வெட்டி எறிந்தோம், எத்தனை முறை திருத்தினோம் என்று மனம்விட்டுப் பேசுவார்கள். இறுதியில் கேள்விகளுக்கும் நேரம் இருக்கும். எழுதும் ஆசையுள்ள பிள்ளைக்கு அந்த முக்கால் மணி நேரம் பொன்னானது. ஒரு சிறு குறிப்பேட்டை அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கையெழுத்துக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இராது. வீட்டிலிருந்து எத்தனை புத்தகங்கள் கொண்டுவரலாம் என்பதற்கு வரம்பு வைப்பதுண்டு. மிகவும் பிடித்த ஒன்றையோ இரண்டையோ மட்டும் கொண்டுபோகச் சொல்லுங்கள். வரிசை மேசையை நெருங்கும்போது பதிப்பகத்துப் பணியாளர் ஒரு சிறிய ஒட்டுத்தாளைக் கொடுத்து, யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று அதில் எழுதி, கையெழுத்திடும் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்வார். இதைச் சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பாடசாலையில் தன் பெயரை மூன்றெழுத்தாகச் சுருக்கிக்கொண்ட ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். ஆசிரியர்கள் முழுப்பெயரைச் சொல்லத் தடுமாறுவதைக் கேட்டுச் சலித்துப்போய் அவளே செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்த மஞ்சள் தாளில் முதலில் சுருக்கப் பெயரைத்தான் எழுதினாள். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை உரித்துக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இன்னொரு தாள் கேட்டு வாங்கி, பதினொரு ஆங்கில எழுத்துகளையும் பெரிய எழுத்தில் எழுதினாள். எழுத்தாளர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதிவிட்டு, எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார், இவள் திருத்தினாள், அவர் மறுபடி சொன்னார். அவளுக்குக் கிடைத்த ஒரு நிமிடம் முழுவதும் அதிலேயே போயிற்று. உங்கள் மகளின் பெயர் எதுவானாலும் அதை முழுமையாகவும் தெளிவாகவும் எழுதச் சொல்லுங்கள்.

கதையைக் கொடுப்பது பற்றி. இதை அவளிடம் முன்கூட்டியே, மனம் நோகாதபடி சொல்லிவைப்பது உங்கள் கடமை என்று நினைக்கிறேன். எழுத்தாளர்கள் பெரும்பாலும் வெளிவராத கதைகளை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பிற்காலத்தில் தாம் எழுதும் ஒன்று அதைப்போல இருந்துவிட்டால் வீண் சர்ச்சை எழும் என்பது ஒரு காரணம். நாளெல்லாம் கையெழுத்திட்டவர் அத்தனை பேரின் கதைகளையும் வாசிக்க முடியாது என்பது இன்னொன்று. கதை மோசமானது என்பதால் அல்ல என்று அவளுக்கு விளங்க வேண்டும். அவர் மறுக்கும் கணம் எதிர்பாராமல் வந்தால் பிள்ளை உடைந்துபோவாள். கதையைக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு கேள்வியைத் தயார்செய்யட்டும். ‘என் கதையில் நடுப்பகுதிக்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறேன், நீங்கள் அப்படி நின்றால் என்ன செய்வீர்கள்?’ என்பது போல ஒன்று. அதற்கு எந்த எழுத்தாளரும் பதில் சொல்வார்.

இலக்கிய முகவர்கள் பேசும் பகுதியொன்றும் அங்கே அமைவதுண்டு. உங்கள் மகள் அங்கே போய்க் கேட்கலாம். இந்நாட்டில் முகவர் ஒருவருக்குப் பொதுவாக அனுப்புவது முதல் மூன்று அத்தியாயங்களும் கதைச்சுருக்கமும் ஓர் அறிமுகக் கடிதமும்தான். முறையான முகவர்கள் வாசிப்பதற்கென்று பணம் கேட்பதில்லை. புத்தகம் விற்றால் உள்நாட்டு வருவாயில் வழக்கமாக 15 சதவீதமும், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளில் 20 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள். எங்கேயாவது எவராவது, மாநாட்டிலோ இணையத்திலோ, உங்கள் பிள்ளையின் நூலை வெளியிட இவ்வளவு பணம் தாருங்கள் என்று கேட்டால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் ஆசையை வைத்துப் பணம் பார்ப்பவர்களிடம் ஏமாந்த பெற்றோரை நான் அறிவேன். அவர்களில் நம்மவர்களும் உண்டு.

வயதுக்கு ஏற்றவையா என்று கேட்டிருந்தீர்கள். திரைப்படங்களுக்கு இருப்பதைப்போல் புத்தகங்களுக்கு இந்நாட்டில் வயதுச் சான்றிதழ் இல்லை. சில பதிப்பகங்கள் பின்னட்டையின் அடியில், சிறிய எழுத்தில், இளைய வாசகர்களுக்கு உகந்ததல்ல என்று அச்சிடுகின்றன; அதைப் பார்க்கப் பழகுங்கள். இப்போது குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை, மாயாஜாலமும் காதலும் கலந்த தடித்த நாவல்கள். அவற்றில் சில பதினான்கு வயதுக்குரியவை, சில வளர்ந்தோருக்கே எழுதப்பட்டவை. அட்டைப்படங்களோ இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். இதற்கு எளிய வழி, கடையில் நிற்பவரிடமே ‘இது பதினான்கு வயதுக்குச் சரியாக இருக்குமா?’ என்று கேட்பது. அந்தக் கடைகளில் நிற்பவர்கள் அந்தப் புத்தகங்களோடு வாழ்கிறவர்கள். ‘இதை இரண்டு வருடம் கழித்து வாசிக்கட்டும், இப்போது இதைக் கொடுங்கள்’ என்று நேர்மையாகச் சொல்லி, விலை குறைந்த ஒன்றை எடுத்துத் தந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதே சமயம், ஒரு நாவலில் சோகமோ வன்முறையோ காதலோ வருகிறது என்பதற்காக மட்டும் அதைத் தடுக்காதீர்கள். கடினமான விடயங்களைப் புத்தகத்தில் முதலில் சந்தித்த பிள்ளைகள், அவற்றைப் பற்றி என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். நீங்களும் அவள் வாசிப்பதில் ஒன்றை வாங்கி வாசித்துப் பாருங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். எத்தனை வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு பெரியவர் இருக்க வேண்டும் என்ற விதியையும் அப்போதே பாருங்கள். ஒரு சாதாரண அட்டைப் பிரதி எட்டுப் பவுணிலிருந்து பத்துப் பவுண் வரை இருக்கும். அவள் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, இதற்குமேல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். எதை வாங்குவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். முதல் சுற்றில் எதுவும் வாங்காமல் முழுவதும் பார்த்துவிட்டு, பிற்பகலில் வாங்குவது நல்லது. மண்டபத்துக்குள் சாப்பாடு விலை கூட. வீட்டிலிருந்து பாணோ புட்டோ கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் துணிப்பைகளை நம்பிப் போகாதீர்கள். ஒரு சாதாரண நாவல் ஏறக்குறைய முந்நூறு கிராம். பத்துச் சேர்ந்தால் மூன்று கிலோ ஒரே தோளில் தொங்கும். பாடசாலைக்குக் கொண்டுபோகும் முதுகுப்பையே சரி.

தமிழ்ப் பாடசாலை பற்றிய உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். என் பிள்ளைகளும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே போய் வளர்ந்தவர்கள்தான். மாநாடு வழக்கமாக வார இறுதியில் நடப்பதால் ஞாயிற்றுக்கிழமைக்குச் சீட்டு எடுக்கலாம்; என் அனுபவத்தில் சனியைவிட ஞாயிறு நெரிசல் குறைந்த நாள். ஆனால் அவள் பார்க்க விரும்பும் எழுத்தாளர் சனிக்கிழமை மட்டும்தான் வருகிறார் என்றால், தமிழாசிரியரிடம் காரணத்தைச் சொல்லி ஒரு வாரம் விடுப்புக் கேளுங்கள். மறுவாரம் அந்த நாளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவருவாள் என்று சொன்னால் எந்தத் தமிழாசிரியரும் மறுக்க மாட்டார்.

ஹரோவிலிருந்து போவதும் சிரமமில்லை. ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் தெற்கு நோக்கிப் போகும் சதர்ன் ரயிலில் ஏறினால், வெம்பிளி சென்ட்ரல், ஷெப்பர்ட்ஸ் புஷ் வழியாக, மாறி ஏறாமலே கென்சிங்டன் ஒலிம்பியாவில் இறங்கலாம்; மண்டபம் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ரயில் அடிக்கடி வருவதில்லை, வார இறுதிகளில் பாதை வேலைகளும் நடப்பதுண்டு. ஆகவே முதல்நாள் இரவே நேரத்தைப் பார்த்துவையுங்கள்.

அவள் கூச்ச சுபாவமுள்ளவள் என்று நீங்கள் எழுதாவிட்டாலும், கடிதத்தின் வரிகளுக்கிடையில் அது தெரிகிறது. அந்த மண்டபத்தில் பேச்சைத் தொடங்குவது பாடசாலை மதிய உணவுக்கூடத்தில் தொடங்குவதைப்போல் கடினமல்ல. வரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகத்தைக் காட்டி, ‘அது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் போதும். அரை மணி நேர வரிசை அத்தோடு கரைந்துவிடும். வேடமிட்டு வந்தவர்களைப் படமெடுக்க விரும்பினால் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும், எழுத்தாளர்களிடமும் அவ்வாறே என்பதையும் சொல்லிவையுங்கள். இரைச்சல் அதிகமானால் சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்து வாசிப்பதில் தவறேயில்லை. அங்கே அப்படி எத்தனையோ பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்கள், எவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உள்ளே போங்கள், ஆனால் அவளோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டாம். உங்களுக்கும் ஒரு சீட்டு வாங்குங்கள். நுழைந்ததும் இருவருக்கும் எளிதில் அடையாளம் தெரியும் ஓர் இடத்தைச் சந்திக்கும் இடமாகக் குறித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே வந்து நிற்க வேண்டும் என்று பேசிவையுங்கள். அவ்வளவு கூட்டத்தில் கைப்பேசியை மட்டும் நம்ப முடியாது. வரிசைகளில் அவள் தனியே நிற்கட்டும். அவள் குறித்துவைத்த அந்த ஒரு பேச்சரங்குக்கு மட்டும் நீங்களும் போய், இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். அவள் திரும்பிப் பார்த்தால் கையசைக்க வேண்டாம். திரும்பும் ரயிலில், அந்த மேடையில் சொல்லப்பட்ட ஏதாவது ஒன்றைப் பற்றி அவளிடம் கேளுங்கள். ஹரோ வரும்வரை அவள் பேசிக்கொண்டே வருவாள்.